தெபீர் மலைமேல்தான் இருந்தது

இன்று காலை டவுனுக்குப் போகிற வழியில் ஜெபவீட்டுப் பக்கம் பெயிண்ட் வாடை அடித்தது. எட்டிப் பார்த்தேன். புதிதாக வந்திருக்கும் இளம் பாஸ்டர் வெள்ளை பெயிண்ட் டின்னைத் திறந்துகொண்டிருந்தார். நீ படம் வரைந்த சுவரைத்தான் வெள்ளையடித்து மறைக்கப் போகிறார்களாம். அங்கே கடையில் வாங்கிய புது மேப் ஒன்றை மாட்டப் போகிறார்களாம். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டதடி.

யூதர்களின் பழைய வேதத்தில் வரும் நாட்டை நீ அந்தச் சுவரில் வரைந்தபோது ஏணி பிடித்தவள் நான். நீ ஞாயிறு பள்ளி நடத்தினாய், நான் மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவள். பகலெல்லாம் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து கிள்ளிய நமக்குச் சாமி வேறாக இருந்தால் என்ன? உனக்குத் தெரிந்த மலை நம் மலை ஒன்றுதான். அதனால் அந்த நாட்டு மலைகளுக்கும் பச்சை அடித்து, வரிவரியாகத் தேயிலையும் நட்டுவிட்டாய். ரிங்லெட் டவுனிலிருந்து வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க லா. மலைன்னா பச்சதானே?" என்றாய்.

தெபீரை வரையும் இடம் வந்ததும் நமக்குள் சண்டையும் வந்தது. அந்த ஊரின் பேரை இங்கே பாதிப் பேர் கேட்டிருக்கமாட்டார்கள். அதைப் பிடித்த வீரனுக்குத்தான் அக்சாள் என்ற பெண்ணைக் கட்டிக்கொடுத்தார்கள். அப்பன் கொடுத்ததோ வறண்ட நிலம். அவள் கழுதையிலிருந்து இறங்கி, தண்ணீரும் வேண்டும் என்று அப்பனிடம் நேராகக் கேட்டாள். மேலே ஓர் ஊற்று, கீழே ஓர் ஊற்று, இரண்டையும் வாங்கிக்கொண்டாள். நீ கதையைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போயிற்று.

உன்னிடமிருந்த பழைய வேத அகராதி, மலைக்குக் கீழே இருக்கும் ஒரு மேட்டைத்தான் தெபீர் என்றது. நீயும் அங்கேயே சிவப்புப் புள்ளி வைத்தாய். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

"மலையூருங்களோட சேத்துத்தான அந்தப் பேர வாசிச்ச? அப்புறம் எப்படிடி கீழ எறங்கும்?"

"அங்க தோண்டுனப்ப எரிஞ்ச மதிலு கெடச்சிருக்கு. ஒனக்கு என்னா தெரியும்?"

"சண்ட நடந்த நாட்டுல எரியாத ஊரு எது லா?"

தேநீர் ஆறிப்போகும்வரை கத்துவோம். பிறகு ஒருநாள் உன் தம்பி மகன் போனில் தேடிப் பார்த்துச் சொன்னான்: இப்போது பலர் மலைமேல் உள்ள வேறொரு மேட்டைக் காட்டுகிறார்களாம், அதன் பக்கத்தில் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு கிணறுகள் இருக்கின்றனவாம். நான் குதித்தேன். நீ அசையவில்லை. "அவங்க மாத்திக்கிட்டா நானும் மாத்திக்கணுமா?" என்று கேட்டுவிட்டுத் தேநீரை உறிஞ்சினாய். உன் பிடிவாதத்துக்கு மருந்தே கிடையாது.

அந்தப் பிடிவாதத்தால்தான் நம் லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் வந்தது. ஓடைத் தண்ணீர் தோட்டத்துத் துரையின் பங்களாவுக்குக் குறையாமல் போய்க்கொண்டிருந்த காலத்தில் கீழ் லயத்துக் குழாய் காய்ந்து கிடந்தது. ஒருநாள் நாம் வேலைக்குப் போன லோரிக்கு எதிரே துரையின் ஜீப் வந்தது. நீ பலகையைத் தட்டி லோரியை நிறுத்தச் சொன்னாய்.

"அவ கழுதையிலேர்ந்து எறங்கிக் கேட்டா. நாம லோரியிலேர்ந்து எறங்கிக் கேப்போம், வாடி."

நம்மை வேலை வாங்கும் கங்காணி பல்லைக் கடித்தார். நீ துரையின் முகத்தைப் பார்த்தே பேசினாய். ஒரே நாளில் கிடைத்துவிடவில்லை. ஜீப்பைக் காணும்போதெல்லாம் இறங்கினோம். கடைசியில் குழாய் போட்டார்கள்.

அப்படிப்பட்டவள் வரைந்த சுவரை ஒரு டின் பெயிண்ட்டுக்கு விட்டுக்கொடுப்பேனா? நேராக உள்ளே போனேன்.

"புள்ளைங்களுக்குத் தப்பா சொல்லிக் குடுக்கக் கூடாதில்ல, ஆன்ட்டி? அந்தப் புள்ளி தப்புன்னு நீங்கதான் எப்பவும் சொல்வீங்களாமே?" என்றார் பாஸ்டர்.

"தப்புதான். அத அவகிட்ட சொன்னேன். ஒங்ககிட்ட சொல்லல."

அவர் மெதுவாக, "நீங்க நம்ம சபையிலகூட இல்லையே, ஆன்ட்டி," என்றார்.

"இல்லதான். ஆனா ஏணி புடிச்சவ நானு. ஒங்க மேப்ப எதிர்ச் செவுத்துல மாட்டுங்க. புள்ளைங்க ரெண்டையும் பாக்கட்டும். எது சரின்னு அதுங்களும் சண்ட போடட்டும்."

ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உன் தேயிலை மலைகளுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை குட்டி இல்லாமல் போனவள் நீ. உன் கை பட்டதென்று மிச்சமிருப்பது அந்தச் சுவர் ஒன்றுதான். பாஸ்டர் டின்னை மூடிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் பேசித்தான் முடிவு சொல்ல முடியும் என்றார். "பேசுங்க. நானும் வர்றேன்," என்றேன்.

போகத்தான் போகிறேன். அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் உனக்காகப் பேசத்தான் போகிறேன். ஆனால் ஒன்று, நீ செத்துப்போனதால் நான் இறங்கி வந்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. சுவரைக் காப்பாற்றிய கையோடு உன் புள்ளிக்கு முன்னால் நின்று, தெபீர் மலைமேல்தான் இருந்தது என்று உரக்கச் சொல்வேன். சொல்லிவிட்டு, நீ திருப்பித் திட்டுவதற்காகக் கொஞ்ச நேரம் நிற்பேன்.