பிறேமாவின் இருக்கைக்கு அடியில்

11 ஜனவரி 2025, சனி

டோர்ட்மண்ட் குளிரில் குப்புறக் கிடந்து காரின் முன் இருக்கைக்கு அடியிலிருந்து அம்பிளிஃபையரை ஒலிபெருக்கியோடு சேர்த்துக் கழற்றினேன். இடுப்பு விண்விண் என்கிறது.

மனைவி பிறேமாவுக்குக் காது போய் இரண்டு வருடம். கருவி வைத்தால் பேச்சு கொஞ்சம் பிடிபடும். பாட்டு வெறும் இரைச்சல். பாடுவதையும் அன்றோடு விட்டாள். காரில் மட்டும், அவள் இருக்கைக்கு அடியில் நான் பூட்டிய ஒலிபெருக்கி அதிரும்போது பாட்டு முதுகு வழியாகப் போய்ச் சேரும். கண்ணை மூடித் தொடையில் தாளம் போடுவாள். திங்களன்று பெட்டி பழுதானதிலிருந்து அதுவும் இல்லை. இன்று கடைக்குப் போகும்போது பின் இருக்கையில் ஏறினாள்.

"முன்னுக்கு இருந்து என்னத்துக்கு?"

வீட்டுக்கு வந்ததும் கழற்றத் தொடங்கிவிட்டேன்.

12 ஜனவரி, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் நிலவறை மேசைக்குப் போனேன். பன்னிரண்டு வோல்ட் கொடுத்தேன். கம்பிக்கு நடுவில் பழைய கார் முன்விளக்கின் பல்ப் ஒன்று — உள்ளே ஷார்ட் என்றால் அது பளிச்சென்று எரிந்து சொல்லிவிடும். எரியவில்லை. ஆனால் பெட்டியில் சிவப்பு விளக்கு. தன்னைக் காப்பாற்றப் பூட்டிக்கொண்டதாம். யாரிடமிருந்து? ஸ்பீக்கரைக் கழற்றினேன் — சிவப்பு. டிரான்சிஸ்டர்களை ஒவ்வொன்றாக அளந்தேன். எல்லோரும் சுகம். சிவப்பு.

13 ஜனவரி

புதிது வாங்கலாம் என்கிறான் மகன் சுலக்சன். வாங்கலாம்தான். ஆனால் இதன் அதிர்வைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளை அவள் முதுகைக் கேட்டுக் கேட்டல்லவா திருகினேன்! "இன்னும் கொஞ்சம்... காணும், காணும்" என்று அவள் போதுமெனக் கை காட்டி நிறுத்திய அளவு அது.

15 ஜனவரி, புதன்

பிறேமாவின் தலைமயிர் காயவைக்கும் மெசினைக் களவாக எடுத்து வந்து சூடு காட்டினேன். பச்சை! ஆற ஆறத் திரும்பவும் சிவப்பு. அப்படியென்றால் ஈரம்தான் எதிரி. மூடியின் காற்றுத் துளைகளுக்கு நேர் கீழே சாம்பல் நிறப் படலம். சப்பாத்தில் ஒட்டி வந்த, பனி உருகத் தெருவில் போடும் உப்பு என்று பனிக்காலத்தைத் திட்டிக்கொண்டே மணந்து பார்த்தேன்.

சந்தனம்.

சந்தனமும் திருநீறும். வெள்ளிக்கிழமைகளில் சாமிப்படங்களுக்கு வைத்த கையோடு இதற்கும் குழைத்துப் பூசியிருக்கிறாள். தண்ணீர் தாராளமாக, துளைக்கு மேலேயே. நான் வேதக்காரன், கிறிஸ்தவன்; அவளுடைய சாமியறைப் பக்கம் நான் போவதில்லை. எனக்கு எங்கே தெரியப்போகிறது?

சிரித்தேன். பிறகு ஏனோ அழுகை வந்தது. இந்த இரும்புப் பெட்டிக்கா, பிறேமா?

16 ஜனவரி

ஸ்பிரிட்டும் பழைய பல் பிரஷுமாகத் தேய்த்துக் கழுவினேன். பச்சை. ஆறிய பிறகும் பச்சை! அவள் தேத்தண்ணியோடு இறங்கி வந்தாள். பிரஷை எடுத்து மணந்து பார்த்தாள்.

"நானே பழுதாக்கினனான்?"

"இல்லையப்பா, குளிர் ஈரம்," என்று உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னேன்.

"பொய் சொல்லாதேங்கோ. இனி வைக்க மாட்டன்."

18 ஜனவரி, சனி

பூட்டியாயிற்று. அதிர்கிறது. முன்னால்தான் ஏறினாள். ஆனால் தாளம் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, பிறத்தியார் காரில் போகிறவள் மாதிரி இருந்தாள். இதற்கா இந்தப் பாடு?

24 ஜனவரி, வெள்ளி

செருப்போடு சாமியறைக்குள் போய், திரும்பி வந்து கழற்றிவிட்டுப் போனேன். திருநீற்றை எடுத்துக்கொண்டு காருக்கு வந்து, பெட்டியின் துளை இல்லாத மூலையில், தண்ணீர் தொடாமல், மூன்று விரலால் இழுத்தேன். நிமிர்ந்தால் பின்னால் நிற்கிறாள்.

"ஐயோ, இஞ்சாருங்கோ! திருநீறு குறுக்காலை எல்லோ பூசுறது. நீங்கள் நாமம் போட்டு வைச்சிருக்கிறியள்."

என்னைத் தள்ளிவிட்டு அதைத் துடைத்தாள். காய்ந்த விரலால் தானே பூசினாள், அதே மூலையில்.

பாட்டைப் போட்டுப் புறப்பட்டோம். துறைமுகத்துச் சிக்னலில் நின்றபோது ஏதோ சத்தம் கேட்டு வண்டிக்கு என்ன வந்தது என்று திரும்பினேன். பிறேமா பாடுகிறாள். கண்ணை மூடி, தொடையில் தட்டி, ஊருக்கே கேட்கிற குரலில். சுருதி எங்கேயோ போகிறது. தாளம் மட்டும் பிசகவில்லை. சிக்னல் மாறியதும் பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். அவளுக்குக் கேட்கவில்லை. நானும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.