இரண்டு சுற்றில் ஒன்று

மார்ச் 3, செவ்வாய்

பள்ளிச் சீருடை நாற்பது சட்டைக்குக் காலர் பாக்கி. கத்திரி காய்ச்சல் என்று மதியமே வீட்டுக்குப் போய்விட்டாள். என் தையல் அறையில் துணி வெட்டுகிறவள். பேச்சும் வெட்டுகிற பேச்சு, அதனால் அந்தப் பெயர்.

சாயங்காலம் கொழுந்தன் வந்தார். பராமரிப்பு இல்லத்தில் ஒரு கட்டில் காலியாம். மாதக் கடைசி வரை நமக்காக வைத்திருப்பார்களாம். "தூக்கி உக்கார வைக்க, குளிப்பாட்ட அங்க ஆள் இருக்காங்க அண்ணி. நீங்க ஒத்த ஆளா எத்தனை நாள் மாரடிப்பீங்க?" என்றார். என் வீட்டுக்காரர் எதிரிலேயே சொன்னார். எதிரில் சொன்னால் என்ன, மறைவில் சொன்னால் என்ன.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு காலை, ஷெட்டில் தன் பழைய காரின் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிக் கையில் வைத்திருந்தபோதே விழுந்தார். நான்கு பிளக்குக்கும் முறைவைத்துப் பொறி அனுப்பும் டப்பா அது. வலது பக்கம் போயிற்று. பேச்சு போயிற்று. புத்தியும் போயிற்றா என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. "பொறுத்துத்தான் பாக்கணும்" என்கிறார் டாக்டர். எவ்வளவு பொறுப்பது?

நான் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். அந்த டப்பாவை மாட்டி, வண்டியைக் கிளப்பி, சத்தத்தை அவர் காதில் விழவைக்கப் போகிறேன். இருபது வருடமாக என்னைவிட அந்த வண்டியோடுதான் அதிகம் பேசினார். அதைக் கேட்டும் முகத்தில் ஒன்றும் வரவில்லை என்றால் இல்லத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். எழுதிவிட்டேன். இனி மாற்றக் கூடாது.

மார்ச் 5, வியாழன்

பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், ஆம்பளை யாராவது வருகிறார்களா என்று.

"மெக்கானிக் யாரும்மா?"

"நான்தான்."

"அப்ப தைக்கிறது யாரு?"

அதுவும் நான்தான் என்றேன். ஆனாலும் மனிதர் நல்லவர், இடைவெளி அளக்கும் தகட்டை இரவல் கொடுத்தார். வழியும் சொன்னார். "இன்ஜின் முன்னாடி புல்லிச் சக்கரத்துல ஒரு கோடு இருக்கும், பக்கத்துல ஒரு முள்ளு. ஹேண்டிலைப் போட்டுச் சுத்தி அதை முள்ளுக்கு நேரா நிறுத்துங்க. டப்பாக்குள்ள சுத்துற துண்டு ஒண்ணாம் பிளக் ஒயரைப் பாக்கணும். அவ்ளோதான் டைமிங்."

தையல் மெஷினில் ஊசிக்கும் கொக்கிக்கும் டைமிங் வைக்க எனக்குத் தெரியும். மயிரிழை தப்பினாலும் நூலைப் பிடிக்காது. இதுவும் அப்படித்தானே இருக்கும்.

மார்ச் 7, சனி

புல்லியின் கோட்டை முள்ளுக்கு நேராக நிறுத்தினேன். தகடு வைத்து அளந்தேன். டப்பாவை மாட்டினேன். அவரைச் சக்கர நாற்காலியில் ஷெட் வாசலுக்குத் தள்ளி வந்து நிறுத்தினேன். சாவியைத் திருப்பினேன்.

டமால்.

கார்புரேட்டர் வழியாக நெருப்பே வந்தது. "அக்கா, இது காரா துப்பாக்கியா?" என்றாள் கத்திரி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மடியில் திறந்து கிடந்த தண்ணீர் பாட்டிலின் வாயை இடது கட்டை விரலால் அடைத்தார். சடக்கென்று விரலை எடுத்தார். மறுபடி அடைத்தார். தாகம் போலிருக்கிறது என்று வாயில் ஊற்றினேன். துப்பிவிட்டார். சட்டையெல்லாம் ஈரம். நான்தானே துவைக்க வேண்டும்?

மார்ச் 8, ஞாயிறு

இன்றும் சுட்டது. மூன்று தடவை.

மார்ச் 10, செவ்வாய்

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்தாள். படங்களைப் பரப்பினாள். பூனை, குடை, நாற்காலி. "பூனை எதுன்னு தொட்டுக் காட்டுங்க சார்." அவர் ஜன்னல் வழியாக ஷெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேசையிலிருந்த மருந்துக் குப்பியை இழுத்து அதன் வாயில் கட்டை விரலை வைத்து அழுத்தினார். எடுத்தார். வைத்தார்.

"எப்பவும் இப்படித்தானா?"

"மூணு நாளா."

நோக்கமில்லாத அசைவு என்று எழுதினாள். அதற்குக் கீழே, புரிதல் மிகக் குறைவு. படித்துக் காட்டினாள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

மார்ச் 12, வியாழன்

பாட்டில், டம்ளர், கடைசியில் என் நூல்கண்டின் குழல். ஓட்டை இருக்கிற எதையும் விடுவதில்லை. விரல் நுனியில் தோல் உரிந்து ரத்தம் வருகிறது. சீருடைத் துணியின் மிச்சத்தில், உள்ளே பஞ்சு வைத்து, கைக்கு ஓர் உறை தைத்தேன். மணிக்கட்டில் நாடா, இரண்டு முடிச்சு. "உங்க நல்லதுக்குத்தான்" என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தையல் நன்றாகத்தான் வந்திருந்தது.

மார்ச் 14, சனி

விழுந்துட்டோம். ரெண்டு பேரும். குளியலறையில.

தூக்கும்போது என் முதுகுல மளுக்குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான், கால் நிக்கல. அவர் என் மேல. கத்திரி வர்ற வரைக்கும் முக்கால் மணி நேரம் ஈரத் தரையில கிடந்தோம். கத்தினா யாருக்குக் கேக்கும்? அவரைத் தள்ளவும் முடியல, கட்டிப் பிடிக்கவும் முடியல. அவர் காது என் வாய்க்குப் பக்கத்துல இருந்துது. நான் சொன்னேன் – எழுதவே கை கூசுது – "அன்னிக்கே போய்ச் சேந்திருக்கலாம்ல. உங்களுக்கும் விடுதலை, எனக்கும் விடுதலை."

புரிஞ்சா தானே. புரியாதுன்னு எழுதியே குடுத்திருக்காங்க.

மார்ச் 16, திங்கள்

முதுகுத் தண்டில் வட்டு விலகியிருக்கிறதாம். ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாதாம். பிறகு ஆளை எப்படித் தூக்குவது என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் என் மருந்துச் சீட்டில் இன்னொரு மாத்திரை எழுதினார்.

கொழுந்தன் படிவம் கொண்டுவந்தார். முப்பதாம் தேதி சேர்க்க வேண்டும். அவர் கட்டில் பக்கத்து மேசையிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டேன். வண்டி கிளம்பட்டும், முகத்தைப் பார்த்து முடிவு செய்கிறேன் என்று எழுதியது நான்தான். வண்டி கிளம்பவில்லை. நான் என்ன செய்ய? என்னால முடியல. முடியலன்னா முடியல.

மார்ச் 17, செவ்வாய்

ஒரு காலர்கூடத் தைக்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

இரவல் தகட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வண்டி என்னாச்சு என்று கேட்டார் கடைக்காரர்.

"சுடுது. அதோட விட்டுட்டேன்."

"கார்புரேட்டர் வழியாவா?" என்று கேட்டுச் சிரித்தார். "அந்தக் கோடு முள்ளுக்கு ரெண்டு தடவை வரும்மா. ஒரு சுத்துல இன்ஜின் காத்தை அமுக்கும், அடுத்த சுத்துல புகையை வெளிய தள்ளும். நீங்க புகைச் சுத்துல மாட்டிட்டீங்க. ஒண்ணாம் பிளக்கைக் கழட்டிட்டு அந்த ஓட்டையை விரலால அடைச்சுக்கங்க. ஒருத்தர் ஹேண்டிலைச் சுத்தட்டும். எந்தச் சுத்துல காத்து விரலைத் தூக்கி எறியுதோ, அதுதான்."

சொல்லிக்கொண்டே எதிரிலிருந்த எண்ணெய் டப்பாவின் வாயைக் கட்டை விரலால் அடைத்துக் காட்டினார். சடக்கென்று எடுத்தார்.

அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். "தண்ணி வேணுமாம்மா?" என்று அவர் கேட்டது எங்கிருந்தோ கேட்டது.

பதின்மூன்று நாள். பதின்மூன்று நாளாக அந்த மனிதர் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் தண்ணீர் ஊற்றினேன். கையைக் கட்டினேன்.

என் மெஷினிலும் ஒரு தையலுக்குக் கொக்கி இரண்டு சுற்றுச் சுற்றும், ஒன்றில்தான் நூலைப் பிடிக்கும். இருபத்திரண்டு வருடமாகத் தெரியும். அது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

வீட்டுக்கு வந்து முடிச்சை அவிழ்த்தால் அவிழவில்லை. கத்தரிக்கோலால் வெட்டினேன். அவரை வண்டி பக்கத்தில் தள்ளி வந்து நிறுத்தினேன். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் என் கட்டை விரலை வைத்தேன். கத்திரி ஹேண்டிலைச் சுற்றினாள். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. அடுத்ததில் விரலைப் புஸ்ஸென்று தள்ளியது. அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, ஐந்து மாதத்தில் முதல் தடவை.

அந்தச் சுற்றிலேயே கோட்டை முள்ளுக்கு நேராக நிறுத்தி, பிளக்கை மாட்டி, டப்பாவைத் தூக்கி உள்ளே சுற்றும் துண்டைப் பாதி சுற்றுத் திருப்பி மாட்டினேன். சாவியைத் திருப்பினதும் பிடித்துக்கொண்டது. இருமியது, நொண்டியது. அவர் இடது கையைத் தூக்கி, குழாயைத் திருகுவது போலக் கொஞ்சம் திருப்பினார். நான் டப்பாவைக் கொஞ்சம் திருப்பினேன். இன்னும் கொஞ்சம். உள்ளங்கையை விரித்தார், போதும் என்று. சத்தம் சீராகிவிட்டது. வாய் ஒரு பக்கம் கோண அவர் அழுதுகொண்டிருந்தார்.

மார்ச் 21, சனி

ஐந்து மாதமாக அவர் எதிரில் நாங்கள் பேசினதெல்லாம் அவருக்குக் கேட்டிருக்கிறது. கட்டில் காலி என்பது. புத்தி போச்சு என்பது. பூனையைத் தொடுங்க சார்.

குளியலறையில் நான் சொன்னது.

அவர் முகத்துக்கு நேராக நிற்க முடியவில்லை. பின்னால் நின்றே தலை வாரிவிட்டேன். கொழுந்தனுக்குப் போன் செய்து, "படிவத்தைக் கிழிச்சிடுங்க தம்பி" என்றேன். "சரி அண்ணி" என்றார்.

மார்ச் 24, செவ்வாய்

சட்டை மடிக்க வைக்கும் அட்டைகள் நான்கை ஒட்டி, கட்டம் போட்டு, எல்லா எழுத்தையும் எழுதினேன். இடது சுட்டு விரலால் தொட்டுக் காட்டுகிறார். ஒரு சொல்லுக்குப் பத்து நிமிடம் ஆகிறது. முதல் சொல் என்னவாக இருக்கும் என்று பயந்துகொண்டேதான் அட்டையைப் பிடித்திருந்தேன். பாவி என்று வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

முதுகு.

படுக்கைப்புண் வந்துவிட்டதோ என்று பதறி, பக்கவாட்டில் சாய்த்துச் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். அவர் அட்டையை அறைந்தார். விரலை என் பக்கம் நீட்டினார். என் முதுகு.

மார்ச் 26, வியாழன்

போறேன் என்று காட்டினார். "எங்க?" என்றேன், தெரியாதவள் மாதிரி.

"போக விட மாட்டேன். நீங்க என்ன மூட்டையா, அங்க இங்க தூக்கிப் போட? வாய் செத்துப் போயிருந்தப்ப கையெழுத்துப் போட்டேன், இப்ப எப்படிப் போட?" என்று கத்தினேன். மறுபடி அதே எழுத்துகளைத் தொட்டார். அட்டையைப் பிடுங்கி அலமாரிக்கு மேல் வைத்துவிட்டேன். நாலு மணி நேரம். அவர் அலமாரியைப் பார்க்கவே இல்லை. நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நானே எடுத்துக் கொடுத்தேன்.

போறேன்.

மார்ச் 29, ஞாயிறு

கொழுந்தன் படிவத்தைக் கிழிக்கவில்லை. "நேத்து அண்ணனைத் தூக்கும்போது உங்க மூஞ்சியைப் பாத்தேன் அண்ணி. எப்படிக் கிழிப்பேன்?" என்றார். அவரைத் திட்டலாம் என்று வாயெடுத்தேன். என் வீட்டுக்காரர் பேனாவுக்குக் கை நீட்டினார். என் கையெழுத்துக்குக் கீழே, இடது கையால், கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதினார். பாதிப் பேர் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. செல்லுமா என்று கேட்டேன். செல்லும் என்றார் கொழுந்தன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

பார்வை நேரம் நாலு முதல் ஐந்தரை. வண்டியை நானே ஓட்டிக்கொண்டு போனேன். வாசலில் நிறுத்தும்போதே மாடி ஜன்னலில் அவர் தலை தெரிந்தது. போய் உட்காருவதற்குள் அட்டையில் தொட்டார்: இடிக்குது. வாசலுக்கு முன்னாலிருக்கும் ஏற்றத்தில் ஏறும்போது இன்ஜினுக்குள் கல் உருள்கிற மாதிரி சத்தம் வந்ததே, அதைச் சொல்கிறார். "சரி, கொஞ்சம் பின்னால திருப்புறேன்" என்றேன்.

சாப்பாடு எப்படி என்றேன். உப்பில்லை. பக்கத்துக் கட்டில்? குறட்டை. இதற்கே அரை மணி போய்விட்டது.

பிறகு கேட்டேன். ஒரு மாதமாக நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. "அன்னிக்குக் குளியலறையில நான் சொன்னேனே. கேட்டுச்சா?"

அட்டையை எடுத்து மடியில் குப்புறக் கவிழ்த்துவிட்டார். திருப்பி வைக்க எனக்குத் துணிவு வரவில்லை.

மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுத் திரும்பி உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். திரும்பி உட்கார்ந்தேன். இடது கை என் முதுகில் வலிக்கிற இடத்தைத் தேடியது.

"அங்க இல்ல" என்றேன். "இன்னும் கொஞ்சம் கீழ."