ஏழாம் ரூட், காலை ஷிப்ட்

போன வாரம் தாம்பரத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை ஒன்றில் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் சூடான சால்டரிங் கம்பியை ஈயத்தில் வைத்ததும் மெல்லிசாகப் புகை எழுந்து என் முகத்துக்கு வந்தது. உன் துப்பட்டாவில் எப்போதும் இருந்த அதே வாடை. "எத்தினி தபா தோச்சாலும் போவ மாட்டேங்குது மேடம். பொண்ணு பாக்க வந்தா ஊதுபத்தி கம்பெனில வேலன்னு சொல்லிட வேண்டியதுதான்" என்பாய். கடையில் நின்றபடியே சிரித்துவிட்டேன். சிரித்த கையோடு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போனை அவரிடமே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நீ போய் எட்டு மாதமாகிறது. உன் காதில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது காகிதத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் லட்சணம் அப்படி.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது ஸ்ரீபெரும்புதூரில், உங்கள் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை கேன்டீனுக்குப் பின்னால் காலி டிரேக்களை அடுக்கிவைக்கும் அறையில். புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு அங்கே பன்னிரண்டு நாள் தரக் கட்டுப்பாட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். அதனால் வேலையில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று ஆராய்ந்து சொல்ல, நான் வேலை பார்த்த சென்னை நிறுவனத்தைக் கூப்பிட்டிருந்தார்கள். என்னிடம் ஒரு ஃபைலும் அளவுக்கு மீறிய தன்னம்பிக்கையும் இருந்தன. எதிரில் உட்காரும் ஒவ்வொருவருக்கும் ஒரு தாளைப் படித்துக்காட்டுவேன். நீங்கள் சொல்வது உங்கள் பெயரோடு எங்கும் வராது, விருப்பமில்லை என்றால் எழுந்து போகலாம், இப்படி. பத்தாவது ஆளுக்கெல்லாம் கண்டக்டர் டிக்கெட் டிக்கெட் என்பது மாதிரி ஆகிவிட்டது என் குரல்.

நீ மட்டும்தான் அதைக் காது கொடுத்துக் கேட்டாய்.

"பேரு வராது, சரி. நான்தான்னு தெரியாதுல்ல?"

"அதேதாங்க. பேர் வரலன்னா எப்படித் தெரியும்?" என்றேன். இரண்டும் ஒன்றில்லை என்று உனக்குத் தெரிந்திருந்தது. எம்.ஏ. படித்த எனக்குத் தெரியவில்லை.

அதுவரை வந்தவர்கள் எல்லாம் "நல்லா இருந்துச்சு மேடம்" என்று சிரித்துவிட்டுப் போயிருந்தார்கள். நீ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தாய். "பன்னெண்டு நாள்னு பேருதான். ரெண்டு நாள் உக்கார வெச்சாங்க. மூணாம் நாளே ஆள் பத்தலன்னு லைனுக்கு இட்டுகினு போய்ட்டாங்க. ரிஜிஸ்டர்ல பன்னெண்டு நாளுக்கும் ஒரே மூச்சுல கையெழுத்து. டெஸ்ட் அன்னிக்கு ட்ரெய்னிங் ஆபீசரே பதிலப் படிச்சாரு, நாங்க டிக் அட்ச்சோம். இப்போ போர்டு ரிஜெக்ட் ஆனா எங்களத் திட்றாங்க. கத்தே குடுக்கல, நாங்க இன்னா பண்றது மேடம்?"

என் பேனா ஓடிய வேகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. உன்மேல் இரக்கப்பட்டு ஓடவில்லை. நல்ல சரக்கு மாட்டிவிட்டது என்ற குஷியில் ஓடியது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். ஷிப்ட் முடிந்து சிறிது நேரத்தில் கம்பெனி பஸ்கள் கிளம்பிவிடும். பஸ்ஸை விட்டால் நீ உன் ஊர் சேரப்பணஞ்சேரிக்குப் போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதனால் எந்த பஸ் முதலில் கிளம்புகிறதோ அந்த ரூட் பெண்களை முதலில் கூப்பிடுவேன். ஒவ்வொரு தாளின் தலையிலும் ரூட் எண்ணை எழுதி, ரூட் வாரியாகவே கட்டிவைத்தேன். தாள்களில் இருந்த பெயர்களை எல்லாம் ஒழுங்காக அடித்து அழித்தேன். பெயர்ப் பட்டியலைத் தனியாகப் பீரோவில் பூட்டி, சாவியை என் பையிலேயே வைத்துக்கொண்டேன். அதில் எனக்கு எவ்வளவு பெருமை! ஆனால் அறிக்கை எழுதும்போது உன் வார்த்தைகளை அப்படியே போட்டு அடியில் எழுதினேன்: "பெண், சால்டரிங் லைன், காலை ஷிப்ட், ரூட் 7." எனக்கு அந்த ஏழு, தாளை அடுக்கிவைக்கும் ஓர் எண். அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு அது தினமும் ஏறி இறங்குகிற பஸ். என் மேலாளர்கூடப் படித்துவிட்டு, விவரமெல்லாம் நன்றாக இருக்கிறது என்று தட்டிக்கொடுத்தார்.

அறிக்கையைக் கொடுக்கப் போன கூட்டத்தில் அந்தப் பயிற்சி அதிகாரியும் இருந்தார். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். "ரூட் செவன்ல காலைல சால்டரிங் பொண்ணு ஒண்ணே ஒண்ணுதான சார் ஏறுது?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். அவர் குரலில் கோபமே இல்லை. பிறகு உன் பெயரைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் மறுத்திருக்கலாம். அதைப் பற்றிப் பேச முடியாது என்று எழுந்திருக்கலாம். அத்தனை பிரதிகளையும் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கலாம். நான் குனிந்துகொண்டு, "அடுத்த பக்கம் போகலாமா சார்?" என்றேன்.

மறுவாரமே உன்னைப் பேக்கிங்கில் போட்டார்கள். உன்னோடு சேர்ந்தவர்களை எல்லாம் நிரந்தரமாக்கிய மாதத்தில் உன் ஒப்பந்தத்தை மட்டும் முடித்துக்கொண்டார்கள். தம்பியின் படிப்பு, வீட்டுக்கு ஓடு மாற்றுவது என்று அந்த நிரந்தர வேலையை நம்பி நீ போட்டிருந்த கணக்கெல்லாம் அதோடு போயிற்று.

சத்தியமாகச் சொல்கிறேன், உண்மையைச் சொல்லத்தான் உன் வீட்டுக்கு வந்தேன். தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதே சொல்லவேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். நீ பாயைப் போட்டாய், டீ கொடுத்தாய். நான் வாயைத் திறப்பதற்குள் நீயே கேட்டுவிட்டாய்.

"மேடம், என் பேர நீ எவனாண்டயாவது சொன்னியா?"

"இல்ல. உன் பேரை நான் யார்கிட்டயும் சொல்லல."

"தெரியும். உன் மேல எனக்கு டவுட்டே இல்ல. அப்போ அவதான்."

"யாரு?"

"செல்லக்கனி. உன்னாண்ட சொன்னத அவளாண்ட மட்டுந்தான் சொன்னேன். கூடவே ஒக்காந்து துன்னுகினு போட்டுக் குடுத்துட்டா பாரு."

செல்லக்கனி லைனில் உன் பக்கத்து இடத்துப் பெண். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து பென்னலூரில் ஹாஸ்டலில் இருந்தவள். உன் வீட்டுச் சோற்றில் பாதியை நீ அவளுக்குக் கொடுப்பாய், அவள் ஊரிலிருந்து வரும் காரச்சேவில் பாதியை உனக்குக் கொடுப்பாள். அவளில்லை, நான்தான் என்று அந்த நிமிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் டீயைக் குடித்தேன். டம்ளர் காலியான பிறகும் உதட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் உன்னைத் தேடித் தேடி வந்தது குற்ற உணர்ச்சியால்தான், முதல் ஒரு வருடம். அப்புறம் உன்னைப் பார்க்காமல் இருக்க முடியாமல் வந்தேன். "இன்னா மேடம், துன்னியா?" என்று நீ கேட்பதைக் கேட்கவே வந்தேன். நெருங்க நெருங்கச் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. உன்னை இழந்துவிடுவேனோ என்ற பயம். வெறும் சுயநலம், வேறு பெயர் அதற்கு இல்லை.

மணிமங்கலம் மண்டபத்தில் உன் கல்யாணத்துக்குச் செல்லக்கனி வந்தாளே. நீ கூப்பிடவில்லை, யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, நைட் ஷிப்ட் முடித்த கண்ணோடு நேராக வந்திருந்தாள். கையில் எவர்சில்வர் குடம். மேடையேறி நீட்டினாள். நீ அவளைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தாய். அவள் குடத்தை ஓரமாக வைத்துவிட்டு இறங்கிப் போனாள். சாப்பிடவில்லை. நான் உன் பக்கத்தில் பூத்தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கும் வந்தாள். இத்தனை வருடத்தில் தலை நரைத்திருந்தது. எனக்குத்தான் முதலில் அடையாளம் தெரியவில்லை. பந்தலில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஏக்கா, எங்கூட அவ எதுக்குப் பேசாமப் போனான்னு உங்களுக்காச்சும் தெரியுமா? நான் அவளுக்கு என்னத்த செஞ்சேன்? யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன், ஒண்ணும் தெரியலக்கா."

சொன்னேன். ரூட் எண், கூட்டம், நான் குடித்த டீ, ஒன்று விடாமல். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்கிட்டச் சொல்லி என்னக்கா செய்ய? அவகிட்டல்லா சொல்லிருக்கணும்."

அதனால்தான் எழுதுகிறேன். செல்லக்கனி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நீ அவளுக்குச் செய்ததும் என் கணக்கில்தான் வரும்.

இப்போது நான் ஆராய்ச்சி வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். பெயரை அடித்தால் பாதி வேலைகூட முடியவில்லை என்பேன். ஊர், வயது, ஷிப்ட், பஸ் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எந்த வரியில் ஒரே ஓர் ஆள் தனியாக நிற்கிறாள் என்று தேடச் சொல்வேன். பக்கத்து இடத்துக்காரி படித்தால் ஆளைக் கண்டுபிடிப்பாளா என்று கேட்கச் சொல்வேன். யாராவது அலட்சியமாக இருந்தால் வள்ளென்று விழுவேன். ரொம்பக் கறாரான மேடம் என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

வகுப்பு முடியும்போது உன் கதையைச் சொல்வேன். ஊரையும் தொழிலையும் மாற்றித்தான் சொல்வேன். எல்லாரும் பேனாவை வைத்துவிட்டுக் கேட்பார்கள். நீ போன பிறகு எடுத்த வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "அந்தத் தப்பைப் பண்ணினவங்க அப்புறம் என்ன ஆனாங்க மேடம்?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா. யாரோ சொல்லிக் கேட்டதுதான்" என்றேன்.

இத்தனை வருட வேலையில் ஓர் ஓட்டைகூட இல்லாமல் நான் மறைத்துவைத்த ஒரே ஆள், நான்தான்.