அண்ணன் பேரில் ஒரு கோப்பை

என் செல்ல அண்ணன் சூசைக்கு,

நீ அங்கே சௌக்கியமாகத்தான் இருப்பாய். எனக்குத்தான் இங்கே சோறு இறங்கவில்லை. உன் பேரில் கார் பந்தயக் கோப்பை வைக்கிறார்களாம்.

இந்தோசீனாவில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்காக இடது காலைக் கொடுத்துவிட்டு நீ வந்திறங்கியபோது, அந்தப் பிரெஞ்சுக்காரர்களே ஊரைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். இனி மூலையில் உட்கார்ந்துவிடுவாய் என்று அம்மா அழுதாள். நீயோ ஒரு பழைய காரை வாங்கி, கிளட்ச்சைக் கையால் இழுக்கிற மாதிரி மாற்றிக்கொண்டு பந்தயத்துக்குக் கிளம்பிவிட்டாய்.

உன் ஓட்டத்தை யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் கருவடிக்குப்பம் தாண்டி அந்தப் பொட்டலில் கிளப்காரர்கள் நடத்தும் பந்தயம் எப்படித் தொடங்கும்? கார்கள் ஒரு பக்கம், ஓட்டுகிறவர்கள் எதிர்ப்பக்கம். சைகை கிடைத்ததும் ஓடிப்போய் ஏறிக் கிளம்ப வேண்டும். நீ கட்டையை ஊன்றிப் போய்ச் சேர்வதற்குள் மற்றவர்கள் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போயிருப்பார்கள். கூட்டம் சிரிக்கும். அப்படியும் ஒவ்வொருவராக முந்துவாய், முதல் காரை மட்டும் எட்ட முடியாது. உட்கார்ந்தபடியே கிளம்ப விடுங்கள் என்று வருஷா வருஷம் கேட்டாய். விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று கிளப் செயலாளர் கையை விரித்தார். மஞ்சள் காமாலையில் கடைசியாகப் படுத்தபோதுகூட, ஒரு தடவையாவது முதலில் வரவேண்டும் என்பதே உன் பேச்சு.

அதே செயலாளர் போன ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்தார். நீ அவர்கள் கிளப்பின் மாணிக்கமாம். சொல்லும்போது கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். பந்தயத்தை நான்தான் கொடியசைத்துத் தொடங்கி வைக்க வேண்டுமாம். எப்படித் தொடங்குவீர்கள் என்று கேட்டேன்.

"வழக்கம்போலத்தாம்மா. ஓடிப்போயி ஏறுறதுதான். அதப் பாக்கத்தான சனம் வருது" என்றார்.

உன் பேரை வைத்துவிட்டு, உன்னை ஜெயிக்க விடாத விதியையும் அப்படியே வைத்திருக்கிறார்கள் அண்ணே. அதில் ஒரு தப்பும் அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை. அவர் குடித்த டம்ளரைத் தொடவே எனக்கு அருவருப்பாக இருந்தது. இவர்களுக்குக் கூச்சம் என்று ஒன்று கிடையாதா? செத்தவனுக்கு மரியாதை செய்வது அவ்வளவு சுலபமா?

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்புறம் யோசித்து, வருகிறேன் என்றேன். அவர்களுக்குத் தலையாட்டிவிட்டேன் என்று அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை.

அன்றைக்கு ஊரறிய நான் செய்யப்போவதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். அத்தனை பேரும் அவரவர் காரில் ஏறி உட்காரும் வரை கொடியைத் தூக்க மாட்டேன். கத்தட்டும், கெஞ்சட்டும், பொழுது சாயட்டும். நின்றுகொண்டே இருப்பேன்.

உன் கூடப்பிறந்தவள்,
மதலேன்