அடிவயிற்று வலியும் பன்னிரண்டு ஊசிகளும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் நலம் என்று தொடங்கிவிட்டு உன் நலத்தைக் கேட்பதுதான் முறை. ஆனால் அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் உன்னையும் உன் அப்பாவையும் இத்தனை வருஷம் ஏமாற்றியிருக்கிறேன், அதனால் இந்த முறை உள்ளதை எழுதிவிடுகிறேன். அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை, பழுது பார்க்க வந்த மின்விசிறிகளைக் கூடம் முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறார், ஒன்றும் சுற்றக் காணோம். எனக்குத்தான் அடிவயிற்றில் வலி. நேற்று வந்ததல்ல, நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது தொடங்கியது, பத்தொன்பது வருஷமாகிறது. உட்கார்ந்தால் இடுப்புக்குள் யாரோ துணி பிழிவது போல இருக்கும், நான் பார்ப்பதோ உட்கார்ந்தே பார்க்கிற வேலை. டிரைவிங் சொல்லிக்கொடுக்கும்போது இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை, ஓரமா நிறுத்து, டயர்ல காத்து பாக்கணும் என்று இறங்கி நின்றுகொள்வேன். டயரை இவ்வளவு அக்கறையாகப் பார்க்கிற டீச்சர் வேறு எங்கே கிடைப்பார் என்று எனக்கு நல்ல பெயர் வேறு.

அந்தப் பெயர் நாலு மாதத்துக்கு முன்னால் கெட்டது. அன்று ஓரம் கட்டச் சொன்னேன், ஆனால் இறங்க முடியவில்லை. அன்று பழக வந்திருந்த, ரிவர்ஸ் எடுக்கக்கூடத் தெரியாத பெண்தான் என்னை வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனாள். வழி முழுக்க முனகலுக்கு நடுவே இண்டிகேட்டர் போடு, இண்டிகேட்டர் போடு என்று சொல்லிக்கொண்டே போனேனாம். ஸ்கேன், ரத்தம் எல்லாம் பார்த்துவிட்டு டாக்டரம்மா, உள்ள கட்டி ஒண்ணும் இல்ல, இடுப்புக்குள்ள இருக்கிற தசையெல்லாம் முறுக்கிக்கிட்டுக் கிடக்கு, இவ்வளவு வருஷம் என்ன பண்ணீங்க என்று கேட்டார். டயர் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது. மாத்திரையும் மூச்சுப் பயிற்சியும் கொடுத்தார், பாதிதான் குறைந்தது. அதோடு அக்குபஞ்சரும் சேத்துப் பாக்கலாம், சிலருக்குக் கேக்குது சிலருக்குக் கேக்கல, ஆனா மாத்திரையையும் பயிற்சியையும் விட்டுடக் கூடாது என்று மாடிக்கு அனுப்பினார்.

மாடியில் ஊசியோடு நின்றவள் யார் தெரியுமா, ஒரு காலத்தில் என்னிடம் வண்டி பழகியவள். ஸ்டியரிங்கை ஏன் கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிக்கிற என்று நான் திட்டி அழ வைத்தவள். வலி வயிற்றில் இருக்க ஊசி எதற்குக் கணுக்காலில் என்று சட்டம் பேசினேன், கட்டில் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கைய தளர்த்துங்க டீச்சர், இது ஸ்டியரிங் இல்ல என்றாள், அதுவும் அவ்வளவு மரியாதையாக. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு எப்பம்மா குத்தப் போற என்று கேட்டேன், ஆறு குத்தியாச்சு டீச்சர் என்றாள். மொத்தம் பன்னிரண்டு. அரை மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் பகலில் நான் படுத்தது அதுதான் முதல் தடவை, தூங்கிக் குறட்டை விட்டேன் என்று பிறகு சொன்னாள். எட்டு தடவை போய்விட்டேன். வலி போய்விடவில்லை, ஆனால் இப்போது ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடிகிறது. அது ஊசியாலா, மாத்திரையாலா, அந்தத் தூக்கத்தாலா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அப்பாவிடம் எல்லாம் சொன்னபோது, நீ நின்னுக்கிட்டே சாப்பிடறது பழக்கம்னுல்ல நெனச்சேன் என்றார். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவரும் நின்றுகொண்டே சாப்பிட்டார்.

இப்போது எழுத வந்த விஷயம். போன வாரம் ஊசி குத்தும்போது அவள், உங்க பொண்ணுக்கு இந்த மாதிரி வலி ஏதாவது உண்டா டீச்சர் என்று சாதாரணமாகக் கேட்டாள். அதெல்லாம் இல்லம்மா என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் நீ போனில், அம்மா, உட்கார்ந்தா அடிவயிறு வலிக்குது என்று ஆரம்பித்தாய். நான் எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதான், சுடுதண்ணி ஒத்தடம் குடு என்று சொல்லிவிட்டுக் குக்கரைப் பார்க்கப் போய்விட்டேன். அதற்குப் பிறகு நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டியை எடுக்கத் தோன்றவில்லை, பின்னால் அத்தனை பேரும் ஹாரன் அடித்தார்கள், பதறிப்போய் எடுத்ததில் வண்டி நின்றேவிட்டது. கூரையில் "டிரைவிங் ஸ்கூல்" என்று பலகை வேறு.

நான் பொறுத்துக்கொண்டதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். அந்த முட்டாள்தனத்தை உனக்கும் கொடுத்துவிட்டேன். முதலில் அங்கே ஒரு டாக்டரைப் பார், ஊசியெல்லாம் அவர் சொன்ன பிறகு. நன்றாகத் தூங்கு. எந்த வலியும் ஒட்டாமல் நூறு வயசு இரு.

ஞாயிற்றுக்கிழமை நானே போன் பண்ணுகிறேன். அன்றைக்கு நீ பாதியில் விட்டதை முதலிலிருந்து சொல். அடுப்பில் ஒன்றும் வைக்க மாட்டேன்.

உன் அம்மா