இருநூற்றுப் பதினாறு படிக்கு மேல் ஒரு மூலநோய்க்காரன்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் ரத்தம். மூன்றாவது வாரம். தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வெளியே வந்தேன். மனைவி கதவருகிலேயே நின்றிருந்தாள். "இவ்வளவு நேரம் உள்ள என்ன தவமா பண்றீங்க?" தவம்தான். முக்கி முக்கிக் கண் பிதுங்குகிற தவம்.

பிறகு ஏணி. இருநூற்றுப் பதினாறு படி. மேலே கிரேன் கேபினில் ஒரு நாற்காலி, சுற்றிலும் கண்ணாடி. கழிப்பறை கிடையாது. ஒரு தடவை இறங்கி ஏறினால் அரை மணி நேரம் போய்விடும். கட்டட வேலை மொத்தமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும். அதனால் வேலை நாளில் மாலை வரை தண்ணீர் குடிப்பதில்லை. பதினொரு வருடமாக இப்படித்தான்.

மார்ச் 5, வியாழன்

துண்டைச் சுருட்டி வளையமாக்கி அதன்மேல் உட்கார்ந்தேன். அப்படியும் முடியவில்லை.

மார்ச் 7, சனி

மனைவி ஆயுர்வேத வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே போனால் ஒரு பெண்! என் மகள் வயதுகூட இருக்காது. அப்படியே திரும்பிவிடலாமா என்று பார்த்தேன், மனைவி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

வைத்தியரம்மாவுக்குக் கூச்சமே இல்லை. "ரத்தம் சொட்டுதா, பீச்சுதா? வலி இருக்கா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், பார்த்தார். "புடைச்சிருக்கறது கீழ. கோளாறு வயித்துல. செரிமானம் மந்தமாகி மலம் இறுகுது. நீங்க முக்க முக்க அங்க இருக்கற ரத்தக்குழாய் வீங்குது. கீழ்நோக்கிப் போற வாயுவ அபானம்னு சொல்லுவோம். அத அடக்கவே கூடாது."

ராத்திரி திரிபலா சூரணம் வெந்நீரில். காலையும் மாலையும் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வேண்டும். மதியம் மோர். காரம் கூடாது. மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்க வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். "ரெண்டு வாரத்துல ரத்தம் நிக்கலன்னா உள்ள கேமரா விட்டுப் பாக்கணும். வர்ற ரத்தமெல்லாம் மூலம்னு நினைச்சுடாதீங்க."

"என்ன வேலை பாக்கறீங்க?"

"ஆபீஸ்ல. உக்கார்ற வேலை."

மனைவி திரும்பிப் பார்த்தாள். ஏன் அப்படிச் சொன்னேன்? கிரேன் என்றால் இறங்கு என்பார். போன வருடம் ரத்த அழுத்தம் என்று சொன்ன ஆபரேட்டரைச் சூப்பர்வைசர் அன்றைக்கே இறக்கிவிட்டார். இப்போது அந்த ஆபரேட்டர் வாசலில் லாரிகளுக்குக் கொடி காட்டுகிறார். எனக்கு இந்தக் கிரேனை விட்டால் வேறு எதுவும் தெரியாது.

மார்ச் 8, ஞாயிறு

அப்பாடா! மருந்து கேட்டுவிட்டது. முக்கவே இல்லை. வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசே வரவில்லை. "மகாராஜாவுக்குத் தண்ணி ஆறிடுச்சா?" என்று வெளியிலிருந்து சிரிக்கிறாள்.

மார்ச் 9, திங்கள்

நேற்று ராத்திரி சூரணம் சாப்பிடவில்லை. மேலே ஏறிய பிறகு வயிறு கலக்கினால் எங்கே போவேன்? இனி சனிக்கிழமை ராத்திரி மட்டும்தான். அவள் எடுத்துக்கொடுப்பதை அவள் பார்க்காதபோது டப்பாவிலேயே திரும்பப் போட்டுவிடுகிறேன்.

மார்ச் 19, வியாழன்

ரத்தம் கூடியிருக்கிறது. பாதி ஏணியிலேயே மூச்சு வாங்குகிறது. "மருந்து கேக்குதா?" என்றாள். கேக்குது என்றேன். அப்பாவின் குடலில் வந்த புற்று இப்படித்தான் ஆரம்பித்ததோ? யாரைக் கேட்பது!

மார்ச் 23, திங்கள்

பத்தரை மணி. கொக்கியில் கம்பிக்கட்டு. பிடித்து இறக்க மூன்று பேர் கீழே நிற்கிறார்கள். திடீரென்று கண் இருட்டியது. கம்பி எங்கே, ஆள் எங்கே — ஒன்றும் தெரியவில்லை. நிறுத்திவிட்டேன். கீழே சைகை காட்டும் தம்பி வாக்கி-டாக்கியில் கூப்பிட்டான். "அண்ணே, இன்னும் ரெண்டடிதான். ஏன் நிறுத்திட்டீங்க?"

காற்று அதிகம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி இறக்கு என்பார்கள், அந்த மூன்று பேரும் அங்கேயே நிற்பார்கள். என்னால் முடியவில்லை. "எல்லாரையும் விலகச் சொல்லு. எனக்குக் கண்ணு தெரியல. மூலம்பா. அஞ்சு வாரமா ரத்தம் போகுது. மருந்தயும் ஒழுங்கா சாப்பிடல."

பொத்தானை விட்ட பிறகுதான் உறைத்தது, எல்லா வாக்கி-டாக்கியும் ஒரே அலைவரிசை. பதினான்கு பேர் கேட்டிருக்கிறார்கள், சூப்பர்வைசர் உட்பட. ஒருத்தனாவது சிரித்திருக்கலாம். யாரும் சிரிக்கவில்லை.

கண் தெளிந்ததும் காலி இடத்தில் மெதுவாக இறக்கி வைத்தேன். தம்பி மேலே ஏறி வந்து ஒவ்வொரு படியாக என்னை இறக்கிக் கூட்டிப்போனான். சூப்பர்வைசர் சொன்னது ஒரே வரி. "நாளைக்கு வர வேண்டாம்."

போச்சு. பதினொரு வருஷம் போச்சு.

மார்ச் 24, செவ்வாய்

வைத்தியரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கிரேன், தண்ணீர், சனிக்கிழமை மருந்து, அப்பா. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். வெளுத்திருந்ததாம். "நான் மலத்த இளக்கறேன், நீங்க அடக்கறீங்க. அப்புறம் மருந்து என்ன செய்யும்? என் சூரணம் ரத்தத்த ஊத்திக் குடுக்காது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க." கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

மார்ச் 27, வெள்ளி

கேமரா விட்டுப் பார்த்தார்கள். மூலம்தான். வேறொன்றும் இல்லை. ரத்தம் ரொம்பக் குறைவு, இரும்புச்சத்து மாத்திரை. ஆஸ்பத்திரி நடையில் மனைவி விம்மி விம்மி அழுதாள். அழுது முடித்ததும் வீடு வரும்வரை திட்டினாள். நன்றாகத் திட்டட்டும்.

ஏப்ரல் 8, புதன்

தினமும் சூரணம். தினமும் தண்ணீர். ஆறு நாளாக ரத்தம் இல்லை. வேலையிலிருந்து யாரும் கூப்பிடவும் இல்லை. உடம்பு தேறத் தேற மனசு சோர்ந்துபோகிறது.

ஏப்ரல் 11, சனி

வைத்தியரம்மாவிடம் மறுபடி காட்டப் போனேன். வாசலில் பெஞ்சு காலி. சுவர் ஓரமாக ஆறு பேர் நிற்கிறார்கள். வெல்டர், சிமெண்ட் லாரி ஓட்டுபவர், மண் தோண்டும் வண்டிக்காரர்... எல்லாம் நம்ம ஆட்கள்! சைகை காட்டும் தம்பி நெளிந்தான். "உக்காருங்கண்ணே. எங்களால முடியல, நீங்களாவது உக்காருங்க."

வரிசைக் கடைசியில் சுவரைப் பார்த்தபடி ஒருவர், மூலிகைப் படம் ஒன்றை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர்.

திரும்பாமலேயே பேசினார். "டாக்டர் சரின்னு எழுதிக் குடுத்தா திங்கக்கிழமை வந்துடு. மத்தியானம் உன்ன மாத்திவிட ஆள் போட்டிருக்கேன். இறங்கிப் போயிட்டு வா."

"வந்துடறேன் சார்," என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில்: "அவங்க பாக்கறப்போ... ரொம்பக் கூச்சமா இருக்குமா?"

"முதல் தடவைதான் சார்," என்றேன். பெஞ்சில் உட்காராமல் அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.