பொன்னாடையின் மறுமுனை

நிலவனின் அப்பாவுக்கு,

விவாகரத்தைக் கோர்ட்டுக்குப் போகாமல் பேசி முடிக்கலாம் என்று அக்டோபர் வரை சொன்னவர் நீங்கள்தான். நவம்பர் தேர்தல் முடிந்ததும், "கோர்ட்லயே பாத்துக்கலாம்" என்றீர்கள். அப்போதே எனக்கு உறுத்தியது.

நேற்று காரில் நிலவன், "டாடி நோஸ் த ஜட்ஜ்" என்றான். வீட்டுக்கு வந்ததும் கோர்ட் பேப்பரை எடுத்துப் பெயரைப் பார்த்தேன். நம் காப்பெல் ஊர் கவுன்சிலராக இருந்து, டெக்சாஸ் சட்டசபைக்குப் போய், இப்போது தேர்தலில் ஜெயித்து நீதிபதியான அதே மனிதர். அவருக்காக வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டீர்களே, சும்மாவா? பையன் யாரிடம் வளரவேண்டும் என்பதை "நம்ம ஆளு" சொல்லிவிடுவார் என்ற நினைப்பா?

தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் அவருக்கு நீங்கள் பொன்னாடை போர்த்திய போட்டோ இன்னும் ஃபேஸ்புக்கில் இருக்கிறது. "இவருக்கு எதற்குப் போர்வை?" என்று கேட்டார் என் அமெரிக்க வக்கீல். விளக்கினேன். இன்று காலை அந்தப் போட்டோவை இணைத்து, வேறு நீதிபதி வேண்டும் என்று மனுக் கொடுத்துவிட்டோம்.

அந்தப் போட்டோவில் பொன்னாடையின் மறுமுனையைப் பிடித்திருப்பது நான். அவர் என் பக்கம் சாயமாட்டாரா என்று ஒரு நிமிடம் நானும் ஆசைப்பட்டேன். அப்போதுதான் உங்களை முழுசாகப் புரிந்தது.

தீர்ப்பு வரும்வரை,
உங்கள் மனைவி